சிறுதேரும் குங்கிலியமும்

பனிக்காலம் தொடங்கியதும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சிலர் தம் வீட்டுக் கார்க் கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வெளியே பனி கொட்டுகிறது. தோட்ட வேலை இல்லை. பொழுது நான்கு மணிக்கே சாய்ந்துவிடுகிறது. உள்ளே ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு புட்டிகளில் திரவம். விரல் நீளமுள்ள ஒரு காரைத் தம் கையாலேயே செதுக்கி, அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சுக்குள் ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினை வார்த்து, அதே காரைப் பத்தாகவும் இருபதாகவும் பெருக்குகிறார்கள். பிறகு தேய்ப்பு, வண்ணப் பூச்சு, கண்ணாடி, சக்கரம். பனி உருகும் நேரத்தில் அலமாரியில் ஒரு வரிசை கார்கள் நிற்கும்.

ஆசிரியர் அறையில் ஒருநாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. கணக்குத் துறை நண்பர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இத்தனை பாடும் ஏறிப் போக முடியாத ஒரு வண்டிக்கா?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் புதிய கேள்வியன்று. தும்பிசேர்கீரன் என்னும் சங்கப் புலவர் இதை எழுப்பி விடையும் சொல்லியிருக்கிறார். குறுந்தொகையின் 61-ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள்.

பாடல் மருதத் திணை, தோழி கூற்று. தச்சன் சிறிய குதிரை பூட்டிய சிறு வண்டியொன்றைச் செய்து தருகிறான். பிள்ளைகள் அதில் ஏறிச் செல்ல முடியாது. ஆயினும் கையால் இழுத்து மகிழ்கிறார்கள். அதுபோலத் தலைவனைக் கூடி இன்புறாவிட்டாலும் அவனோடு கொண்ட நட்பைப் பேணி நாங்கள் இன்புறுகிறோம், வளையலும் நெகிழாமல் நிற்கிறது என்கிறாள் தோழி. வகுப்பில் இந்த உவமையை ஊடலின் நுட்பத்துக்கு எடுத்துக்காட்டாக நடத்திவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் அப்பாடலிலேயே தலைவன் நல்ல தேரை உடையவனாகச் சொல்லப்படுகிறான். ஊர்ந்து செல்லத்தக்க பெருந்தேர் ஒன்றும், ஊர முடியாத சிறுவண்டி ஒன்றும் ஆறே அடிகளுக்குள் அருகருகே நிற்கின்றன. பெரியது தலைவனுடையது, அது அவனை வேறு வாசல்களுக்குக் கொண்டுபோகிறது. சிறியது பிள்ளைகளுடையது, அது கையிலேயே இருக்கிறது. ஏறிப் போவதன் இன்பம் வேறு, இழுப்பதன் இன்பம் வேறு, இரண்டாவது முதலாவதன் குறைப் பதிப்பன்று என்பதைப் புலவர் தெரிந்தே சொல்லியிருக்கிறார் என்று நான் கருதுகிறேன். அங்கே வண்டிக்கு அவர் ஆளும் சொல் 'வையம்'. தமிழில் உலகத்துக்கும் அதுவே பெயர். இதில் ஏதும் தத்துவம் காண முயலவில்லை. நினைவில் நிற்கட்டும் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சங்க நூல்களில் பிள்ளைகளின் வண்டி இந்த ஓரிடத்தில் மட்டும் வருவதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய இரண்டு பாட்டுகளிலும் அது உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் உழவர் வாழும் வளமான பேரூர் ஒன்றைக் காட்டும்போது, தச்சர் செய்து தந்த சிறு தேரை உருட்டி உருட்டி ஓய்ந்துபோன பிள்ளைகள், செவிலியின் பாலை நிறையக் குடித்துவிட்டுப் படுக்கையில் உறங்குவதைச் சொல்கிறார். அந்தத் தேருக்கு அவர் தரும் அடைமொழியும் அது ஊரப்படாதது என்பதுதான். பட்டினப்பாலையில் இடம் காவிரிப்பூம்பட்டினம். காயும் நெல்லைக் கொத்த வந்த கோழியை விரட்ட, வீட்டுப் பெண் கையில் வேறொன்றும் அகப்படாமல் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி வீசுகிறாள். அது முற்றத்தில் கிடந்து, பொற்சிலம்பணிந்த சிறுவன் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரை வழிமறிக்கிறது. நகரின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர் ஒரு விளையாட்டு வண்டியைத் தடுக்கி நிறுத்திக் காட்டுகிறார். அந்தத் தேருக்குக் குதிரையும் இல்லை என்று குறிக்கிறார்.

குதிரை பூட்டாத, மூன்று சக்கரம் கொண்ட வண்டி! கார்ல் பென்சு 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கும் மூன்று சக்கரங்களே. அக்காலத்தார் மோட்டார் வண்டியைக் குதிரையில்லாத வண்டி என்றே அழைத்தார்கள். இதைக் கேட்டவுடன் காரைக் கண்டுபிடித்தவன் தமிழனே என்று கட்டுரை எழுதக் கிளம்பிவிடும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களைக் கைகூப்பி நிறுத்திவைக்க விரும்புகிறேன். மூன்று சக்கரத்துக்கான காரணம் எளியது. மேடுபள்ளமான தரையில் நான்கு கால் உள்ள பொருள் ஆடும். மூன்று கால் உள்ளது எப்படி வைத்தாலும் ஊன்றி நிற்கும். தளர்நடைப் பிள்ளை பிடித்துக்கொண்டு நடப்பதற்கு அதுதான் ஏற்றது. நம் ஊர்த் தச்சர் இன்றும் செய்யும் நடைவண்டிக்கும் மூன்று சக்கரங்களே. பட்டினப்பாலையின் முற்றத்தில் உருண்டது அதன் முன்னோராகவே இருக்க வேண்டும்.

இதே போன்றதொரு காட்சி வடமொழியிலும் உள்ளது. சூத்திரகரின் 'மிருச்சகடிகம்' நாடகத்தில் சாருதத்தனின் மகன், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பார்த்த பொன் வண்டிதான் வேண்டும், மண் வண்டி வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியை நிரப்பிக் கொடுக்கிறாள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் இந்நாடகத்தைத் தமிழாக்கியபோது 'மண்ணியற் சிறுதேர்' என்று பெயரிட்டார். சிறுதேர் என்ற சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பதைத் தமிழ் படித்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் ஒரு பெண், ஒரு பொன் நகை, ஒரு விளையாட்டு வண்டி. வடமொழியில் நகை வண்டிக்குள் ஏறிக் கதையை நகர்த்துகிறது. தமிழில் நகை வண்டியின் குறுக்கே விழுந்து கிடக்கிறது. பட்டினப்பாலைச் சிறுவனுக்கு அது பொன் என்பதே பொருட்டில்லை. வழியில் கிடக்கும் இடைஞ்சல், அவ்வளவுதான். எனக்கு இவ்விரண்டில் தமிழ்க் காட்சியே மேலானதாகத் தோன்றுகிறது. தமிழாசிரியன் வேறென்ன சொல்வான் என்று நீங்கள் நகைக்கலாம்.

ஐங்குறுநூற்றில் பேயனார் காட்டும் தந்தையையும் விட்டுவிடக் கூடாது. வினைமுடித்து வீடு திரும்பியவன், சிரித்துக்கொண்டே சிறுதேரை உருட்டித் தளர்நடை நடந்து வரும் மகனைப் பார்க்கிறான். காதலியைவிட அவள் பெற்ற பிள்ளையிடத்தில் மனம் பெரிதாகிறது என்று உணர்கிறான். இத்தனைக்கும் பிறகு பிள்ளைத்தமிழ் வந்தது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியானது சிறுதேர்ப் பருவம். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று வரிசை. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் தொடங்கிப் பலநூறு நூல்களில் தேரை உருட்டும்படி குழந்தையை வேண்டிக்கொள்ளும் பாடல்கள் உண்டு. ஆயினும் பெரும்பாலானவற்றில் வண்டி இல்லை என்பதே என் குறை. வடக்கயிறும் பாசறையும் பகைவர் மண்டையும் இருக்கும். சக்கரத்தின் கிறீச்சொலி இராது. செய்தவன் தச்சன் என்ற செய்தியும் அறவே மறைந்துபோயிருக்கும். சங்கப் புலவர்கள் தச்சனைக் குறிப்பிட்டதுண்டு.

தச்சனைத் தேடினால் நம் கள்ளக்குறிச்சிக்கே வந்துவிடலாம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் உருவான இம்மாவட்டத்தில் திருக்கோவலூர் அடங்கும். அது மலையமான் திருமுடிக்காரியின் ஊர். காரியின் புகழே தேர்க் கொடை. கள்ளுண்டு களித்திருக்கும் வேளையில் தேரைத் தூக்கிக் கொடுப்பது யார்க்கும் எளிது, மலையமான் களிப்பில்லாத வேளையிலும் கொடுத்த தேர்கள் முள்ளூர் மலைமேல் விழும் மழைத்துளியைவிட மிகுதி என்று கபிலர் புறநானூற்றில் (123) பாடுகிறார். புலவர் கணக்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், அத்தனை தேர் கொடுத்தவனிடத்தில் எத்தனை தச்சர் இருந்திருக்க வேண்டும்! அந்தத் தச்சர்களின் பெயர் ஒன்றும் நமக்கு வந்து சேரவில்லை. அதே மலையமானின் சிறுவர்களைச் சோழன் கிள்ளிவளவன் யானையின் காலில் இடத் துணிந்தபோது, கோவூர்கிழார் குறுக்கிட்டுக் காத்தார். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்த பிள்ளைகள், கூடியிருந்த மன்றத்தைக் கண்டு மருண்டு நின்றதாகப் பாட்டு (புறம். 46) சொல்கிறது. பெருந்தேர்களை அள்ளிக் கொடுத்தவனின் பிள்ளைகள் எந்தச் சிறுதேரை உருட்டிக்கொண்டிருந்தபோது பிடித்துச் செல்லப்பட்டார்களோ என்று இதைப் படிக்கும்தோறும் தோன்றும். பாட்டில் அது இல்லை, என் எண்ணந்தான்.

இன்று கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் வட்டாரங்களில் மரச் சிற்பத் தொழில் நடக்கிறது. மதுரையை ஆண்ட அரசுகளின் காலத்தில் அங்கிருந்து பல ஊர்களுக்குப் பிரிந்து வந்தவர்களின் மரபு இது என்பர். 2021-இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் உரிய சிற்பங்கள், தெய்வத் திருவுருவங்கள், கதவு நிலைகள் ஆகியவையே பெரும்பகுதி. இவை சிறப்பானவை, ஐயமில்லை. ஆனால் அதே தச்சு மரபின் இன்னொரு கிளையான வண்டித் தச்சு எந்தக் குறியீட்டுக்கும் உட்படாமலே மங்கிவிட்டது. மரச் சக்கர மாட்டு வண்டி போய் டயர் வண்டி வந்தது. டயர் வண்டியும் டிராக்டருக்கு இடம் விட்டது. கல்வராயன் மலைமேல் நிலை வேறு. செங்குத்தான தடங்களில் தலைச்சுமையே வழி. தேனும் புளியும் கடுக்காயும் அப்படித்தான் இறங்கின. 1976-இல் ஜாகிர்தார் முறை முடிவுக்கு வரும்வரை மலை தனியொரு உலகமாகவே இருந்தது. அங்கெல்லாம் மாட்டு வண்டிக் காலம் என்று ஒன்றில்லாமலே நேரே ஜீப்பும் பேருந்தும் ஏறிவிட்டன எனலாம்.

அடிவாரத்து ஊர்களில் பிள்ளைகளும் வண்டி செய்தார்கள். கோடையில் நுங்கு வண்டி. தை, மாசியில் சோளத்தட்டை வண்டி. சோளம் அறுத்த பிறகு களத்தில் கிடக்கும் தட்டையை எடுத்து, மேற்பட்டையைக் கீறி ஈர்க்குகளாக்கி, உள்ளிருக்கும் வெண்ணிறச் சோற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளை ஈர்க்கால் கோத்துச் செய்வது அது. ஏர்க்கால், நுகத்தடி, முளைக்கம்பு எல்லாம் இருக்கும். மாடும் இருக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. ஒரே தட்டையின் பட்டையும் சோறும்தான். அறுவடை முடிந்து, கை ஓய்ந்து, வெயில் இன்னும் ஏறாத பின்பனிக் காலத்து வேலை. குளிர்நாட்டார் கொட்டகைக்குள் புகுவதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான்.

செதுக்குவதும் கோப்பதும் ஒருபுறம் இருக்க, வார்ப்பு என்ற முறைக்கு வருவோம். பிசினை வைத்துச் சிற்றுருவம் செய்யும் கலை நமக்கு அயலானதன்று. குங்கிலியம் என்றால் நம்மில் பலருக்குத் திருக்கடவூரில் மனைவியின் தாலியை விற்றும் குங்கிலியத் தூபம் இட்ட கலய நாயனார்தான் நினைவுக்கு வருவார். மரத்தைக் கீறினால் வடிந்து இறுகும் பிசின் அது. ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களின் பிசின் இப்பெயரில் வழங்குகிறது. சுவாமிமலையில் செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு இக்குங்கிலியத்தையும் சிறிது எண்ணெயையும் சேர்த்து உருக்கிக் கருப் பிடிக்கும் மெழுகை உண்டாக்குகிறார்கள். மெழுகு மட்டுமானால் கை வெப்பத்தில் குழையும். குங்கிலியம் சேர்ந்தால் இறுக்கம் வரும், கூரிய கோடு நிற்கும். மெழுகில் முழு உருவத்தையும் செய்து, காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். சிற்ப நூல்கள் இதனை மதூச்சிட்ட விதானம் என்று அழைக்கும். 12-ஆம் நூற்றாண்டுச் சாளுக்கிய மன்னன் சோமேசுவரனின் 'மானசோல்லாசம்' இம்முறையை விளக்குகிறது. மெழுகுக் கருவை நிறுத்து, அந்த எடையைக் கொண்டு தேவையான உலோகத்தைக் கணக்கிடும் வழியையும் அது தருகிறது.

இம்முறையில் வண்டியும் வார்க்கப்பட்டிருக்கிறது. அதுவும் மிகப் பழங்காலத்தில். மகாராட்டிரத்தின் தைமாபாத்தில் 1974-இல் கிடைத்த வெண்கலப் பொருள்களுள் இரட்டை மாடு பூட்டிய தேர் ஒன்று. நின்று ஓட்டுபவனும் உண்டு. நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். பிற்கால அரப்பா நாகரிகத்தைச் சேர்ந்தது என்பர். காலம் குறித்து வேறு கருத்துடையோரும் உளர். சிந்துவெளி ஊர்களில் சுடுமண் வண்டிகளோ ஏராளம்.

ஸ்தபதியின் அளவு முறையும் இங்கு நினைக்கத்தக்கது. திருமேனியின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதை மடித்து மடித்துப் பகுத்துக்கொள்கிறார். முகம் ஒரு தாளம், உடல் இத்தனை தாளம் என்று எல்லாம் விகிதம். விரற்கடை உயரமானாலும் ஆளுயரமானாலும் விகிதம் மாறாது. மேலைநாட்டுச் சிறுகார்க்காரர்கள் 1:43 என்று ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு மன்றாடுவதும் இதுவேதான். அந்த 43 எங்கிருந்து வந்தது? பிராங்கு ஹார்ன்பியின் மெக்கானோ நிறுவனம் லிவர்பூலில் செய்த பொம்மை ரயிலுக்கு அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்பது கணக்கு. ரயிலடியில் நிறுத்த அதே அளவில் கார்கள் செய்தார்கள். 1934 அளவில் அவை 'டிங்கி' என்ற பெயரில் உலகெங்கும் போயின. ஒரு அடியான 304.8-ஐ ஏழால் வகுத்துப் பாருங்கள். நம்முடையது சிற்ப சாத்திரம்; அவர்களுடையது ரயில் பாதை.

ஒரு வேறுபாடு முக்கியமானது. சுவாமிமலையில் கரு அழிகிறது. மண் அச்சும் உடைகிறது. ஒரு கருவுக்கு ஒரே திருமேனி. ரெசின் வார்ப்பில் கரு பிழைத்துக்கொள்கிறது. சிலிக்கோன் ரப்பர் வளைந்து கொடுப்பதால் மூலப் படிவத்தைச் சேதமின்றி உரித்தெடுத்துவிடலாம்; ஓர் அச்சில் இருபத்தைந்து முதல் ஐம்பது வார்ப்பு வரை வரும், அதன்பின் ரப்பர் கிழியத் தொடங்கும். தமிழில் அச்சு என்றால் வார்ப்பு வடிவமும் அச்சு, சக்கரத்தைத் தாங்கும் தண்டும் அச்சு. அகராதிகள் இவற்றை வேறு வேறு சொல்லாகக் கொண்டு, பின்னதை வடமொழியிலிருந்து வந்ததாகக் காட்டும். எனினும் வண்டி வார்ப்பவனுக்கு இரண்டும் ஒரே மேசையில்தான்.

பிசினின் கதையில் இன்னொரு படியும் உண்டு. அரக்கு என்பது பூச்சி தரும் பிசின். சன்னபட்டணத்து மரப் பொம்மைகளின் பளபளப்பு அதனால் வருவது. கிராமபோன் இசைத்தட்டும் அரக்கால் வார்த்ததுதான்; நம் தாத்தாக்கள் கேட்ட பாட்டெல்லாம் பிசினில் அச்சிட்ட ஒலி. 1907-இல் பேக்லண்டு உருவாக்கிய பேக்லைட்டோடு செயற்கைப் பிசின் காலம் தொடங்கியது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் பாலியுரித்தேனைக் கண்டறிந்தார். இன்று கொட்டகைகளில் கார் வார்க்கப் பயன்படுவது பெரும்பாலும் இதுவே.

கைவேலையாக ஏன் வார்க்க வேண்டும், கடையில் வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். கடைப் பொருளின் வரலாறே அதற்கு விடை. 1953-இல் இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம், எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டிச் சிறிய குதிரைச் சாரட்டு ஒன்றைச் செய்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதன் பங்காளி ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. தந்தை பித்தளையில் ஒரு சிறு உருளை எந்திரம் செய்து தீப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். 'மேட்ச்பாக்சு' பிறந்தது இப்படித்தான். 1968-இல் அமெரிக்காவின் 'ஹாட் வீல்சு' வந்தது. இந்தியாவில் 1960-களின் இறுதியில் கல்கத்தாவில் டிங்கியின் பழைய எஃகு அச்சுகளை வாங்கி 'நிக்கி' என்ற பெயரில் கார் வார்த்தார்கள். இங்கிலாந்தில் மூப்பெய்திய அச்சு இங்கே மறுவாழ்வு பெற்றது. ஆகவே நம் பிள்ளைகளின் கையில் இருந்தவை பெரும்பாலும் நம் தெருவில் ஓடாத கார்கள்!

எஃகு அச்சுக்கு ஆகும் செலவு மிகப் பெரியது. பல்லாயிரம் விற்றால்தான் கட்டுபடியாகும். அப்படி விற்காத வண்டியை எந்த நிறுவனமும் தொடாது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார் செய்தது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம்மவர் பின்னாளில் நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்துப் பொம்மையை வாங்கி வைத்தால் அது சென்னைக் கார் ஆகாது. யாரேனும் ஒருவர் உட்கார்ந்து மூலப் படிவத்தைச் செதுக்கி ரெசினில் வார்த்தால்தான் உண்டு. மேலைநாடுகளில் 1970-களில் வெள்ளீயக் கலவையிலும் பின்னர் ரெசினிலும் சிறு வார்ப்பாளர்கள் தலையெடுத்தது இதற்காகவே. பெருநிறுவனங்கள் மறந்த வண்டிகளை ஐம்பது, நூறு என்ற எண்ணிக்கையில் அவர்கள் காப்பாற்றினார்கள். தமிழகத்திலும் கேரளத்திலும் இளைஞர்கள் ஃபோம் அட்டையை வெட்டித் தம் ஊர்த் தனியார் பேருந்துகளைச் சிற்றுருவாக்குகிறார்கள். வண்ணப் பட்டை, ஊர்ப் பலகை, ஏணி எல்லாம் அப்படியே இருக்கும். அதில் ஒரு பேருந்தைக்கூட எந்தப் பொம்மை நிறுவனமும் வார்க்கப் போவதில்லை.

நம் ஊரில் ரெசின் வார்ப்பைத் தொடங்குவோர்க்கு ஏற்ற காலமும் பனிக்காலமே. காரணம் வேறு. பாலியுரித்தேனின் ஒரு பாகம் ஈரத்தோடு வினைபுரிந்து கரியமில வாயுவை உண்டாக்கும். வார்ப்பு நுரைத்துக் கெடும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அதைத் திறக்கவே கூடாது. சித்திரை வெயிலிலோ கலக்கியதும் இறுகத் தொடங்கிவிடும். வெப்பம் பத்துப் பாகை ஏறினால் வினை ஏறத்தாழ இரட்டிப்பு விரைவாகும். கலந்த மூன்று நான்கு நிமிடத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டிய பொருளுக்கு இந்த அவசரம் ஆகாது. ஆக எஞ்சுவது தையும் மாசியும். கந்தகம் கலந்த களிமண்ணை மூலப் படிவத்தைச் சுற்றி அணைகட்டப் பயன்படுத்தினால் சில வகைச் சிலிக்கோன் இறுகாமல் கொழகொழவென்றே நின்றுவிடும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். புகை நெஞ்சுக்கு ஆகாது. சன்னலைத் திறந்துவைத்து முகக்கவசம் அணிந்தே செய்ய வேண்டும்.

காரைவிட முதலில் வார்க்க வேண்டியது நம் கட்டை வண்டி என்பது என் வேட்கை. வண்டித் தச்சரின் சொற்கள் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப் பட்டை, அச்சு, பார், ஏர்க்கால், நுகத்தடி, பூட்டாங்கயிறு, கடையாணி. இவற்றை அகராதியில் படிக்கும் மாணவனுக்கு வட்டை எது, பட்டை எது என்று தெரியவில்லை. அவன் பிழையன்று, பார்த்ததில்லை. பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிச் சக்கரத்தின்மேல் ஏற்றி, உடனே நீரூற்றிக் குளிர்விப்பார்கள். இரும்பு சுருங்கி ஆரக்கால்களையெல்லாம் குடத்துக்குள் இறுக்கிவிடும். ஆணியில்லாமலே சக்கரம் ஒன்றாகிவிடுவது இதனால்தான். இதைத் தெரியாமல் சிற்றுருவம் செதுக்க முடியாது. எந்த உறுப்பு எதற்குள் நுழைகிறது என்பதை அறிந்தவனே அதைச் சிறிதாக்க முடியும். எழுதி வைத்த குறிப்பைவிட இப்படிச் செய்து வைத்த வண்டி நம்பகமான சான்று என்று நான் எண்ணுவதும் அதனாலேயே.

கணக்குத் துறை நண்பரே வகுத்துத் தந்தார். ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் 1:43 அளவில் மூன்றரைச் சென்டிமீட்டர். பன்னிரண்டு ஆரக்காலும் அதற்குள் அடங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஈர்க்குக் கனம். பெரிய வண்டியில் ஒரு சாண் நீளமுள்ள கடையாணி இதில் ஏறக்குறைய அரைச் சென்டிமீட்டர்தான். உருவம் சிறிதென்று இகழாதிருக்க வள்ளுவர் தேடிய உவமை தேரின் அச்சாணி. ரெசினுக்கு அந்த மரியாதை தெரியாது. அவ்வளவு மெல்லிய துளைக்குள் காற்றுக்குமிழ் அடைத்துக்கொண்டு பிசின் இறங்க மறுக்கும். இறங்கினாலும் தொட்டவுடன் ஒடியும். எனவே வார்ப்பு முடிந்து வண்ணமும் பூசிய பிறகு, பித்தளைக் கம்பியைத் துண்டாக நறுக்கிக் கடையாணியை மட்டும் கையாலேயே செருகிவிடுவார்கள்.